நாயின் மேனியில் காணும் காரணந் தெரியாப் புண்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

குடியானவனுடைய வீட்டில் சம்பளமின்றி இராப்பகலாய்க் காவல் புரியும் பிராணி நாய். கிடையிலுள்ள ஆட்டுக்கும், களத்திலுள்ள நெல்லுக்கும், வாசலில் உறங்கும் குழந்தைக்கும் அதுவே துணை. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய ஜாதி நாய்கள் தென்னாட்டிலே பெயர் பெற்றவை. ஆயினும் பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஊரிலே பிறந்து, ஊர்ச் சோற்றிலே வளர்ந்த சாதாரண நாட்டு நாயேயாகும். மாட்டின் கழுத்தில் சிறிய வீக்கம் கண்டாலும் அதனை உடனே மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்லும் குடியானவர், நாயின் மேனியில் புண் கண்டால் மட்டும், "அது நக்கியே ஆற்றிக்கொள்ளும்" என்று வாளா இருந்துவிடுகிறார். இவ்வலட்சியத்தினால் நாய்க்கு மட்டுமன்றி வீட்டிலுள்ளோருக்கும் நேரக்கூடிய அபாயம் இன்னதென்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

உதாரணமாக ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அது கண்மாய்ப் பாசனமுள்ள ஊர். அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் உண்டு. அச்சங்கத்தின் அங்கத்தினராகிய ஒரு குடியானவரிடம் முப்பது ஆடுகளும், மணி என்னும் ஒரு நாயும் இருந்தன. புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் மணி சோற்றைத் தொடவில்லை. தலையை அடிக்கடி உதறிற்று. திண்ணைக்குக் கீழே இருட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. அருகில் சென்றால் துர்நாற்றம் வீசிற்று. குடியானவர் கழுத்து மயிரை விலக்கிப் பார்க்கையில், காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு துவாரம் தெரிந்தது. அதைச் சுற்றிலும் தோல் வீங்கிக் கன்றியிருந்தது. முள் தைத்த அடையாளமில்லை; கல்லடி பட்டதை எவரும் கண்டதில்லை. புண் எவ்வாறு வந்ததென்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

காரணந் தெரியாத இடத்தில் யோசனைகள் பெருகுவது இயல்பு. பூரான் கடி என்றார் ஒருவர். பாம்பு தீண்டியிருக்குமென்றார் மற்றொருவர். கண்ணேறு என்று கூறி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள் வீட்டு மூதாட்டி. மருந்துகளும் பல சொல்லப்பட்டன. சுண்ணாம்பையும் புகையிலையையும் குழைத்து அடைக்கலாமென்று ஒருவரும், லாரியில் கழித்த எண்ணெயைத் தடவலாமென்று ஒருவரும், பருத்திக்குத் தெளிக்கும் மருந்தில் ஒரு மூடி ஊற்றலாமென்று ஒருவரும் உரைத்தனர். குடியானவர் மண்ணெண்ணெயை ஊற்றினார். மணி வீறிட்டு அலறி, அவர் கையை நோக்கி வாயைத் திறந்து, பின்னர் கடியாமலே விலகிக்கொண்டது. எஜமானனை அறிந்த நாயாதலால் அவர் அன்று தப்பினார்.

இவ்வைத்தியங்கள் யாவும் தீங்கானவை. சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் புண்ணிலுள்ள நல்ல சதையையும் வேகச் செய்கின்றன. கழித்த எண்ணெயிலும் பினாயிலிலும் உள்ள நஞ்சு தோல் வழியாகவும், நாய் நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே செல்கிறது. பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தோ சில மணி நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடக் கூடும். மனிதர் உட்கொள்ளும் வலி மாத்திரைகளும் நாய்க்கு ஆகா; அவை வயிற்றையும், ஈரலையும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நக்கினால் ஆறிவிடும் என்பதும் தவறே. ஓயாமல் நக்கப்படும் புண் ஈரம் உலராமல் அகன்றுகொண்டே போகும். கழுத்திலுள்ள புண்ணுக்கோ நாயின் நாக்கு எட்டவே எட்டாது.

இரண்டு நாள் சென்றும் குணமில்லாமற் போகவே, ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு மணியைக் கொண்டுபோவதெனத் தீர்மானமாயிற்று. சங்கத்தின் காரியதரிசிக்கும் அன்று அவ்வூரில் அலுவல் இருந்தபடியால், அவரும் தம் பையை எடுத்துக்கொண்டு உடன் சென்றார்.

கால்நடை வைத்தியர் முதலில் செய்த காரியம் கையுறை அணிந்துகொண்டதே. பிறகு நாயின் நடையையும், கண்ணையும், வாயிலிருந்து நீர் வடிகிறதா என்பதையும் எட்ட நின்றே கவனித்தார். அதன் பின்னரே துணிப் பட்டையால் வாயைக் கட்டச் செய்தார். வலியுள்ள நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். ஆதலின் இது அவசியம். ஆனால் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தியெடுக்கும் நாய்க்கும் வாயைக் கட்டலாகாது.

வைத்தியர் புண்ணைச் சுற்றியிருந்த மயிரைக் கத்தரித்தபோது, முதல் துவாரத்திற்கு நான்கு விரற்கடை தள்ளி அதே அளவில் இரண்டாவது துவாரம் ஒன்று தென்பட்டது. "ஐயா, இது முள்ளுமன்று, பூரானுமன்று. இவை இரண்டு கோரைப்பற்கள் பதிந்த இடங்கள். மற்றொரு பிராணி இதைக் கடித்திருக்கிறது" என்றார் வைத்தியர்.

கோரைப்பல் ஊசியைப் போன்றது. அது தோலில் சிறு துளை செய்து, உள்ளே ஆழமாய்ச் சதையைக் கிழித்துவிடும். மேலே இரத்தம் அதிகம் வராது, மயிர் மூடிக்கொள்ளும், ஓரிரு நாட்களில் துளையின் வாயும் ஒட்டிக்கொள்ளும். பல்லோடு உள்ளே சென்ற அழுக்கினால் தோலுக்கடியில் சீழ் கட்டும். சில நாட்களுக்குப் பின் சீழ் உடைத்துக்கொண்டு வெளிப்படும்போதுதான் வீட்டார் புண்ணைக் காண்கிறார்கள். காரணந் தெரியாப் புண்களிற் பல இவ்விதம் உண்டானவையே. சீழின் வாடைக்கு ஈ வருகிறது. புழுப் புண்ணை உண்டாக்கும் ஈ, புண்ணின் விளிம்பில் ஒரே தடவையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். அவை ஒரு நாளுக்குள் பொரித்து, புழுக்கள் தலையைக் கீழாக வைத்துத் திருகாணியைப்போலச் சதைக்குள் துளைத்துச் செல்லும். ஆறேழு நாட்கள் உயிருள்ள சதையைத் தின்று, பின் தரையில் விழுந்து கூடாகி, மறுபடியும் ஈயாகும். வெளியே புளியங்கொட்டையளவு தெரியும் புண்ணுக்கு உள்ளே ஒரு பெரிய குழியே இருக்கக்கூடும்.

வைத்தியர் மணியின் புண்ணிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்தார். உப்பு நீரால் குழியைப் பலமுறை அலம்பினார். சீழை அடக்கும் மருந்தையும், புழுக் கொல்லும் மருந்தையும் நாயின் எடைக்குத் தக்க அளவில் கொடுத்தார். பல் பட்ட புண்ணைத் தைத்து மூடினால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடுமாதலால், தைக்காமல் திறந்தே விட்டார். மாட்டுக்கென வாங்கி வைத்திருக்கும் மருந்தை மதிப்பாக நாய்க்கு ஊற்றலாகாதென்றும் எச்சரித்தார். ஒரு மாட்டுக்குரிய அளவு பத்து நாய்களுக்கு எமனாகும்.

குடியானவர் விஷயம் முடிந்ததென்றே எண்ணினார். ஆனால் வைத்தியர் நாற்காலியில் அமர்ந்து மூன்று கேள்விகள் கேட்டார். கடித்த பிராணி எது? கடித்தது எந்நாள்? மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாய்ப் போட்டது எப்பொழுது?

தடுப்பூசி போட்டதேயில்லை என்று குடியானவர் தலை குனிந்து சொன்னார். கடித்த பிராணியைப் பற்றி யோசித்தபோது, சங்கத்தின் பொதுக்கூட்டம் நடந்த இரவில் ஊரின் கீழ்ப்புறத்திலிருந்து ஒரு வேற்றூர் நாய் ஓடி வந்ததும், மணி அதனோடு புரண்டு சண்டையிட்டதும், ஆட்கள் தடியெடுத்து விரட்டியதும் நினைவுக்கு வந்தன. இரண்டு நாள் கழித்து அந்நாய் கண்மாய்க் கரையில் செத்துக் கிடந்ததை ஆடு மேய்ப்பவர்கள் கண்டார்களாம். அது என்று நடந்தது? ஐந்து நாளிருக்கும் என்றார் குடியானவர். சிறிது யோசித்து, ஒரு வாரமிருக்கலாம் என்றார்.

அப்பொழுது காரியதரிசி தம் பையிலிருந்து நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்தார். கூட்டத்தின் தேதி அதிலிருந்தது. கணக்கிட்டுப் பார்க்கையில் அன்றோடு பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. அதற்குமேல் அதில் ஒரு வரியும் இருந்தது: இரவு 8-15 மணிக்குத் தெருவில் நாய்களின் கூச்சல் மிகுந்தபடியால் கூட்டம் பத்து நிமிஷம் நிறுத்தப்பட்டு மறுபடியும் தொடங்கிற்று. இதனையும் எழுதவேண்டுமா என்று அன்று அங்கத்தினர்கள் காரியதரிசியைப் பரிகாசம் செய்திருந்தனர்.

வைத்தியர் அவ்வரியை இருமுறை படித்தார். "அந்தப் பத்து நிமிஷத்தில் தெருவில் யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்டார். நாயைக் கடித்த பிராணி நாயோடு நிறுத்திக்கொண்டதென்று எவ்வாறு நிச்சயிப்பது என்பதே அவருடைய கவலை.

பெரியவர்களிற் பெரும்பாலோர் கூட்டத்தில் கையெழுத்திட்டு உள்ளே இருந்தவர்கள். ஆகவே தெருவில் இருந்தவர்கள் குழந்தைகளே. அன்று மாலையே காரியதரிசியும் குடியானவரும் வீடு வீடாய்ச் சென்று விசாரித்தனர். ஐந்தாவது வீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன் பதில் சொல்லாமல் பாட்டியின் பின்னே ஒளிந்தான். "தம்பி, உன்னை யாரும் அடிக்கமாட்டார்கள், காலைக் காட்டு" என்றார் காரியதரிசி. கெண்டைக்காலில் காய்ந்த தழும்பாக இரண்டு பற்குறிகள் இருந்தன. பாடம் படிக்காமல் தெருவில் விளையாடியதற்குத் தந்தை அடிப்பாரென்று அஞ்சி, மஞ்சளைத் தடவி மறைத்து வைத்திருக்கிறான். பதினொரு நாட்களாக அவ்வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இவ்விடத்தில் அங்கத்தினர்கள் வெறிநோயைப் பற்றிச் சில உண்மைகளை அறிதல் வேண்டும். இந்நோயின் கிருமி, நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் உள்ளது. கடியினாலோ, கீறலில் உமிழ்நீர் படுவதாலோ உடலில் புகுந்து, நரம்பின் வழியாக மூளையை நோக்கி மெல்லச் செல்கிறது. மனிதரிடத்தில் நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களாகும். ஒரு வாரத்தில் வருவதுமுண்டு, ஓராண்டு கழித்து வருவதுமுண்டு. வெளிப்பட்டபின் அதற்குச் சிகிச்சை இல்லை, மரணமே முடிவு. ஆனால் வெளிப்படுவதற்கு முன் தக்கபடி தடுப்பூசி போட்டுக்கொண்டவரை இந்நோய் அநேகமாய் அணுகுவதேயில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர். அவர்களில் பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். குழந்தைகள் கடிபட்டதை மறைப்பதும் இதற்கு ஒரு காரணமாகும்.

நாட்கள் சென்றுவிட்டனவே, இனி ஊசி போட்டு என்ன பயன் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அது பெருந்தவறு. நோய்க்குறி தோன்றாதவரையில், எத்தனை நாள் கழித்தேனும் ஊசியைத் தொடங்கியே தீரவேண்டும். அப்பையனை அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றனர். அங்கே முதல் தடுப்பூசியும், இரத்தம் வரக் கடிபட்டவர்களுக்குப் புண்ணைச் சுற்றியிடும் எதிர்ப்பு மருந்தும் அளிக்கப்பட்டன. தோலினுள் இடும் முறையில் தொடங்கிய நாளும், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்களும் ஊசிக்குரியவை. தசையில் இடும் முறையில் 14ஆம் நாளும் சேரும். ஒன்றையும் தவறவிடலாகாது.

வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள் என்ற பயம் இன்றும் சில முதியோரிடம் உள்ளது. 1885ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்தளித்துக் காப்பாற்றினார். தென்னாட்டில் 1907ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. அந்நாட்களில் ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த மருந்தையே வயிற்றில் பல நாள் போடவேண்டியிருந்தது. அம்மருந்தின் உற்பத்தி இந்நாட்டில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. இப்பொழுது போடுவது கைப்புறத்தில் இடும் சிறிய ஊசியே. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பணம் வாங்குவதில்லை.

பையன் நான்கு ஊசிகளையும் போட்டுக்கொண்டு சௌக்கியமாயிருந்தான். மணிக்கும் வைத்தியர் தடுப்பூசிகளைத் தொடர்ச்சியாகப் போட்டார். அதனை வேறு நாய்களும் குழந்தைகளும் அணுகாதவாறு ஆறு மாதம் தனியே கட்டி வைத்துக் கவனிக்கும்படி கட்டளையிட்டார். நோய்க்குறி ஒன்றும் தோன்றாமற் போகவே, சித்திரை மாதத்தில் மணி மறுபடியும் கிடைக் காவலுக்குத் திரும்பிற்று. வேற்றூர் நாய் வெறி பிடித்ததுதானா என்பது இறுதிவரை தெரியவில்லை. அதன் உடலை நரியும் காகமும் தின்றுவிட்டன. செத்துக் கிடந்த அன்றே கால்நடை மருந்தகத்திற்குச் சொல்லியனுப்பியிருந்தால் பரிசோதனைக்கு வழியிருந்திருக்கும். இத்தகைய உடலை வெறுங்கையால் தொடலாகாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இனி, வீட்டு நாயின் மேனியில் காரணந் தெரியாத புண் கண்டால் செய்யவேண்டியவை யாவை? முதலாவது, நாயைக் கட்டிக் குழந்தைகளை விலக்கவேண்டும். நாயின் குணம் மாறியிருந்தாலோ, வாயில் நீர் வடிந்தாலோ, குரல் மாறிக் குரைத்தாலோ, விழுங்க முடியாமல் தவித்தாலோ அதனைத் தொடாமல் வைத்தியருக்குச் செய்தி அனுப்பவேண்டும். 1962 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியின் உதவி கிடைக்கும். இரண்டாவது, நாய் சாந்தமாயிருந்தால், கையில் உறை அணிந்து, அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துப் புண்ணை அலம்பலாம். கடிபட்டது கண்ணெதிரே நடந்திருப்பின் சோப்பும் ஏராளமான நீரும் கொண்டு அப்பொழுதே கழுவவேண்டும். மூன்றாவது, ஈ மொய்க்காமல் சுத்தமான மெல்லிய துணியால் மூடவேண்டும். உடம்பிலுள்ள புண்ணை நக்காதிருக்க, அடி நீக்கிய பழைய பிளாஸ்டிக் வாளியைக் கழுத்தில் மாட்டலாம். நான்காவது, கண்ட நாள், புண்ணின் அளவு, இடம், அதற்கு முன் பதினைந்து நாட்களில் நடந்த சண்டை முதலியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லவேண்டும்.

எல்லாப் புண்ணும் கடியன்று. மயிர் உதிர்ந்து, காதோரத்திலும் முழங்கையிலும் தடித்து, ஓயாமல் அரித்தால் சொறியாகலாம். இவ்வகை வீட்டாருக்கும் தொற்றி அரிக்கும். வட்டமாய் மயிர் உதிர்ந்து ஓரம் செதிலாயிருந்தால் படர்தாமரையாகலாம். கழுத்தைச் சுற்றி ஒரே கோடாகப் புண்ணிருந்தால், குட்டியில் கட்டிய கயிறு வளர்ந்த கழுத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணும், வளர்ந்துகொண்டே போகும் கட்டியும் வேறு கொடிய நோயின் அறிகுறியாயிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது வைத்தியருடைய வேலை. காலந் தாழ்த்தாமல் அவரிடம் காட்டுவது வீட்டாருடைய கடமை.

மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரோக்கியமான தோலை நாய் நக்கினால் கழுவினாற் போதும். இரத்தம் வராத கீறலாயினும் ஊசி வேண்டும். இரத்தம் வந்தாலோ, புண்ணின்மேலோ வாய் கண்களிலோ நாயின் உமிழ்நீர் பட்டாலோ ஊசியோடு எதிர்ப்பு மருந்தும் வேண்டும். எதுவாயினும் முதலில் பதினைந்து நிமிஷம் சோப்பு நீரால் கழுவவேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லதே. ஆனால் அப்பத்து நாள் முடியட்டுமென்று ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

முடிவாக, இதில் சங்கத்திற்குரிய பங்கு என்ன? ஒருவர் தம் நாய்க்கு மட்டும் ஊசி போட்டால் அவர் நாய் பிழைக்கும், ஊர் பிழைக்காது. ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வழியின்றி அற்றுப்போகும் என்பது நிபுணர்களின் முடிபு. நாய்களைக் கொல்வதால் இப்பயன் கிட்டுவதில்லை. காலியான இடத்திற்கு ஊசி போடாத வேற்று நாய்கள் வந்து சேரும். ஆகவே பத்தில் ஏழு என்பது தனி மனிதரால் ஆகாத காரியம். பலர் கூடினால் மிக எளிய காரியம்.

அக்கிராமத்துச் சங்கத்தார் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் செய்தனர். நாய்களுக்கென ஒரு பதிவேடு வைப்பது. குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசியும் அதன்பின் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போட, கால்நடை வைத்தியரை ஊருக்கு அழைத்து ஒரு நாள் குறிப்பது. தெரு நாய்களையும் அக்கணக்கில் சேர்ப்பது. பதிவேட்டின் முதல் பக்கத்தில் மணியின் பெயர் எழுதப்பட்டது. நாய்க்கடியை மறைக்காமல் சொல்லும் குழந்தையை அடிக்கலாகாதென்று நான்காவதாக ஒன்றையும் எழுதவேண்டுமென்று பையனுடைய தந்தையே எழுந்து கேட்டுக்கொண்டார். அதுவும் ஏகமனதாய் நிறைவேறிற்று. காரியதரிசி நேரத்தைக் குறித்து நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார். இம்முறை ஒருவரும் பரிகாசம் செய்யவில்லை.